ஃப்ரிட்ஜ் இருக்கிற அறை

சொர்ணம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறைப் பக்கம்தான் எட்டிப் பார்ப்பாள். அங்கே ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர்க்காரர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

அவளுடைய ஒரே மகள் நாகவல்லிக்கு எட்டு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளையோடு திரும்பிய சொர்ணத்தின் கையில் கண்ணாடி சிரிஞ்சும், இன்சுலின் பாட்டிலும், ஆயுசுக்கும் காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஏழு மணிக்கு ஒன்று என்று இரண்டு ஊசி போட வேண்டும் என்ற கட்டளையும் இருந்தன. அவள் படித்தது ஐந்தாவது வரைக்கும். கல்யாணம் ஆகும்வரை ஏரிப் பாசன நிலங்களில் களை எடுத்தவள். சாத்துக்குடிப் பழத்தில் குத்திக் குத்தி ஊசி போடக் கற்றுக்கொண்டாள். சிரிஞ்சில் இருக்கிற கோடுகளை எண்ணக் கற்றுக்கொண்டாள். நீல மருந்துத் தண்ணீரில் சிறுநீரைச் சொட்டு சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, நிறம் பார்க்கவும் கற்றுக்கொண்டாள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று போனால் கவலை. செங்கல் நிறம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். சொர்ணத்துக்கு அது வேதவாக்கு. முதல் வருஷம் மெயின் ரோட்டு சோடாக் கடை ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் நான்கு தடவை நடந்தாள். பிறகு அவள் புருஷன் தங்கவேல் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டான். அன்றிலிருந்து சொர்ணம் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. பள்ளிப்பட்டில் அவள் தங்கை வேம்புலியம்மாளுக்குக் கல்யாணம் நடந்தபோது, முதல் நாள் சாயந்திரம் தலையைக் காட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்தாள். விடியற்காலை முகூர்த்தத்துக்கு அக்காள் இல்லை என்று தங்கை ஒரு வருஷம் பேசவில்லை. மாமியார் செத்தபோதும் அப்படித்தான். பாடை கட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள் என்று ஊத்துக்கோட்டைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்டவள் அந்தமானுக்குப் போனாள் என்றால் எங்களாலேயே நம்ப முடியவில்லை.

தங்கவேல் ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டர். நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எந்த மூலைக்கும் போய்வர அவர்களுக்குச் சலுகை உண்டு. எல்.டி.சி. என்பார்கள். கூட வேலை செய்த ஜேசுராஜ் முந்தின வருஷம் கப்பலில் அந்தமான் போய்வந்து, போட்டோ ஆல்பத்தோடு வந்து உட்கார்ந்தான். நாகவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு படத்தில் மட்டும் விரல் நின்றுவிட்டது. தென்னை மரங்களுக்கு நடுவில் பலகை வீடு. வாசலில் இறங்கினால் மணல். மணலைத் தாண்டினால் பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். அது ஜேசுராஜின் மைத்துனன் அந்தோணிராஜ் வீடு. போர்ட் பிளேரிலிருந்து படகில் நாலு மணி நேரம் போக வேண்டிய ஒரு சின்னத் தீவில், சாலை போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தான்.

நாகவல்லி எதையும் கேட்டு அடம்பிடிக்கிற பெண் இல்லை. அன்றைக்குக் கேட்டாள். அந்த வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்றாள்.

சொர்ணம் ஜேசுராஜிடம் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாள். "அந்த ஊட்ல ஃப்ரிட்ஜு கீதா?"

"கரண்டே சாயங்காலம் நாலு மணி நேரந்தான் அண்ணி," என்றான் ஜேசுராஜ்.

"அப்ப அங்க தங்கறதப் பத்திப் பேசாத."

ஆனால் மகளின் முகம் அவளை விடவில்லை. மூன்று வாரம் யோசித்தாள். கப்பலில் டாக்டர் இருப்பார், அவருடைய அறையில் ஃப்ரிட்ஜ் உண்டு என்று தெரிந்ததும் பாதி மனது இளகியது. போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க விடுதி இருந்தது. அங்கே சமையற்கட்டில் ஃப்ரிட்ஜ் உண்டு, ஜெனரேட்டரும் உண்டு என்று ஜேசுராஜ் சொன்னான். தங்கவேல் ஆபீஸ் மூலமாக அந்த விடுதிக்குக் கடிதம் எழுதி, அறை ஒதுக்கியிருப்பதாகப் பதில் வாங்கினான். நாகவல்லிக்குக் கடல் தெரிகிற அறையாவது கிடைக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். அந்தோணிராஜின் விலாசத்தையும் ஜேசுராஜ் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். சொர்ணம் மரியாதைக்கு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

1992 ஏப்ரல் கடைசியில் கிளம்பினார்கள். புதிதாக வாங்கிய பிளாஸ்கில் ஐஸ் போட்டு, துணி சுற்றிய இரண்டு பாட்டில்களை வைத்து, துறைமுகம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். உபயோகத்தில் இருந்தது ஒன்று, புதியது ஒன்று. கப்பல் டாக்டர் வாங்கித் தன் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டார். மூன்று நாளும் எல்லாரும் மேல்தளத்தில் கடல் பார்க்க, சொர்ணம் டாக்டர் அறை வாசலுக்கும் தன் படுக்கைக்கும் நடந்துகொண்டிருந்தாள். நாகவல்லிக்கு நீலமும் பச்சையுமாக வந்தது. ஒரு தடவைகூட மஞ்சள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போர்ட் பிளேரில் இறங்கினார்கள். விடுதிக்குப் போனால் அறை இல்லை. டில்லியிலிருந்து அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், எல்லா அறைகளும் அவர்களுக்கு என்று மேனேஜர் இந்தியில் சொன்னார். தங்கவேல் கடிதத்தை நீட்டினான். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். மருந்தை மட்டுமாவது சமையற்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொர்ணம் தமிழில் சொன்னது அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கத் தங்கவேலின் இந்தி போதவில்லை.

பிளாஸ்கில் ஐஸ் கரைய ஆறு மணி நேரம் ஆகும் என்பது அவள் கணக்கு. கப்பலில் காலை எட்டு மணிக்கு நிரப்பியது. இப்போது பதினொன்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குள் ஏறி இறங்கினார்கள். போர்ட் பிளேரில் தெருவெல்லாம் மேடும் பள்ளமும். முதல் லாட்ஜில் அறை இருந்தது, ஃப்ரிட்ஜ் இல்லை. அடுத்ததில் ஃப்ரிட்ஜ் இருந்தது, ரிப்பேர். மூன்றாவதில் அறை நன்றாக இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கடல். நாகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொர்ணம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அங்கேயும் ஃப்ரிட்ஜ் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குப் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

இரண்டு மணிக்கு கஜபதியின் லாட்ஜ் கிடைத்தது. கஜபதியின் அப்பா காலத்திலேயே ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். கீழே குளிர்பானக் கடை, மேலே நாலு அறைகள். கடையில் ஆள் உயரத்துக்கு ஃப்ரிட்ஜ் நின்றது. சொர்ணம் கேட்காமலேயே கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். குளிர்ந்தது. அறை எப்படி என்று கேட்கவில்லை. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்.

அன்று மாலை ஊசி போட்ட பிறகு, ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜிலும் இன்னொன்றைப் புது ஐஸ் போட்ட பிளாஸ்கிலும் வைக்கலாம் என்றாள் சொர்ணம். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க அவளுக்கு மனசில்லை. காலையிலிருந்து பெட்டி சுமந்த தங்கவேலுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஃப்ரிட்ஜு வோணும் ஃப்ரிட்ஜு வோணும்னு தான இம்மா நேரம் தெருத்தெருவா இட்டுகினு போன? கெடச்சாச்சு இல்ல? ரெண்டயும் உள்ள வச்சிட்டு, ஒரு நாளாவது எல்லார மாரியும் இரு."

அவள் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கஜபதி பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். ஊசி போட்டார்கள். பழைய சிறைச்சாலையைப் போய்ப் பார்த்தார்கள். மத்தியானம் நிறம் பார்த்தபோது ஆரஞ்சு வந்தது. காலையில் சாப்பிட்ட வாழைப்பழம் காரணமாக இருக்கும் என்றான் தங்கவேல். மாலையில் இன்னும் இரண்டு கோடு கூடுதலாக ஏற்றிப் போட்டாள் சொர்ணம். எப்போதாவது அப்படிச் செய்யலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் காலை சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். ஞாயிறு காலை விளக்கில் காய்ச்சியபோது கண்ணெதிரே நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நாகவல்லி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சு நீளமாகவும் வேகமாகவும் வந்தது. வாயில் பழுத்த பழ வாடை அடித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்த அன்றைக்கு அடித்த அதே வாடை.

சொர்ணம் பாட்டிலை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினாள். எப்போதும் உருட்டினால் நீர்மோர் மாதிரி ஒரே சீராகக் கலங்கும். இப்போது கண்ணாடி ஓரத்தில் ரவை ரவையாக ஒட்டிக்கொண்டு நின்றது. புது பாட்டிலை உருட்டினாள். அதுவும் அப்படித்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"இத்த இன்னா பண்ணீங்க?"

கஜபதி முதலில் ஒன்றும் பண்ணவில்லை என்றார். அவள் நகரவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னார். வெள்ளிக்கிழமை ராத்திரி சோடா லோடு வந்தது. உள்ளே இடமில்லை. மருந்துதானே, குளிர்ச்சியாக இருந்தால் நல்லது என்று மேலே ஐஸ் தட்டில் வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் கல்லாக உறைந்திருந்தது. வெந்நீரில் போட்டு உருக்கி எடுத்துக் கொடுத்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா வச்சேன்," என்றார். "உருகினப்புறம் பார்த்தா பழையபடிதான் இருந்துச்சு."

சொர்ணம் அவரைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவரே கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜீப் பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் நாகவல்லியின் கையில் டிரிப் ஏற்றி, புதிய இன்சுலின் போட்டார்கள். டாக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரியும். நாலு மணி நேரம் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கவேல் வராந்தாச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றான். எல்லாம் தன் வாயால் வந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொர்ணம் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தாறு. பிறகு முப்பத்திரண்டு. மூன்று மணிக்கு இருபத்தெட்டு. அதற்குப் பிறகுதான் நாகவல்லி கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

மறுநாள் டாக்டர் அந்த உறைந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐஸ்ல உறைஞ்சா மருந்து செத்துப்போகும் அம்மா. இதை வெளியில நிழலா ஒரு இடத்துல வெச்சிருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது."

"வெளியிலயா? எத்தினி நாளு?"

"திறந்து உபயோகிக்கிற பாட்டில் ஒரு மாசம் தாங்கும். வெயில் படக்கூடாது, அவ்வளவுதான். மண்பானையில ஈர மணல் போட்டு, பாட்டில்ல தண்ணி ஏறாம மூடி வெச்சா, இந்தச் சூட்டுக்குப் போதும்."

"ஃப்ரிட்ஜு இல்லாமயா?"

"ஃப்ரிட்ஜ் இல்லாத ஊர்ல இந்த வியாதி இல்லையா? அவங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

சொர்ணம் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தங்கவேல் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை செத்துப் பிழைத்த நேரத்திலும் அழாதவள். தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது பருத்திப்பட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். மாமியார் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் பஸ் ஏறியதைச் சொன்னாள். அவளிடம் யாரும் பொய் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் வை என்றார்கள், அது சரிதான். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவள்தான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கப் பயம். கேட்டால், இல்லாவிட்டால் பிள்ளை போய்விடும் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

செவ்வாய்க்கிழமை நாகவல்லியை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். ஆனால் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. திரும்பும் கப்பலுக்கு இன்னும் எட்டு நாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே மூன்று பேரும் நின்றார்கள். அடுத்து எங்கே தங்குவது என்ற பேச்சு மறுபடியும் வந்தது.

தங்கவேல் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியிலேயே ஒரு லாட்ஜைப் பார்த்து வைத்திருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்றான். அங்கே ஃப்ரிட்ஜ் இருந்தது, பூட்டு போட்டது, சாவியைக் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சொர்ணம் பைக்குள் கையை விட்டு ஜேசுராஜ் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்தாள்.

"நாம அங்க போலாம்," என்றாள்.

"உனக்கு மூள கீள கொழம்பிப் போச்சா? அங்க கரண்டு கெடையாது. டாக்டர் கெடையாது. நடுக்கடல்ல இன்னொருவாட்டி இப்டி ஆனா இன்னா பண்ணுவ?"

"ஃப்ரிட்ஜு இருந்த எடத்துல தான என் பொண்ணு சாவப் பாத்தா."

தங்கவேல் நாகவல்லியைக் கேட்டான். அவளும் தலையை ஆட்டினாள். வேண்டாம், கடலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கப்பல் வரும்வரை இங்கேயே இருக்கலாம் என்றாள். அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் சொர்ணத்துக்குத் தன் பயம் பெண்ணுக்கு அப்படியே இறங்கிவிட்டது என்று பட்டது. உள்ளே போய் டாக்டரிடம் நேராகக் கேட்டாள். அந்தத் தீவில் சின்ன மருந்தகம் உண்டு, நர்ஸ் உண்டு, தினமும் படகு உண்டு, நிறம் மட்டும் நாளைக்கு மூன்று முறை பாருங்கள் என்று சொல்லி, இரண்டு புது பாட்டில்களும் சீட்டும் கொடுத்தார். மற்ற இரண்டு பேரும் வேண்டாம் என்ற இடத்துக்குச் சொர்ணம் முடிவெடுத்துக் கிளம்பினாள்.

புதன்கிழமை விடியற்காலை தீவுக்குப் படகு ஏறினார்கள். சொர்ணம் ஈரத்துணி சுற்றிய பாட்டில்களை மடியில் வைத்து, துணி காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள்.

அந்தோணிராஜும் அவன் மனைவி ஞானகுமாரியும் துறைக்கே வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்திருந்த கஜபதி, இவர்கள் வருவதை யார் மூலமாகவோ படகுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். படத்தில் பார்த்த வீடுதான். ஆனால் படத்தில் தெரியாதது, பலகைச் சந்து வழியாக வரும் கொசுவும், மத்தியானம் தகரக் கூரை இறக்குகிற அனலும். தங்கவேல் கூரையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். ஞானகுமாரி ஒரு பழைய பானை கொடுத்தாள். கிணற்றடி வாழை நிழலில் அதைப் புதைத்து, ஈர மணல் நிரப்பி, பாட்டில்களைக் கண்ணாடிச் சீசாவுக்குள் போட்டு மூடி வைத்தார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் சொர்ணம் கிணற்றடிக்குப் பதினைந்து தடவை போயிருப்பாள். மருந்தை எடுத்து உருட்டுவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், திரும்ப வைப்பாள். இரண்டு மணிக்கு மஞ்சள் வந்தது. தங்கவேல் படகு நேரத்தை விசாரிக்கக் கிளம்பிவிட்டான். சாயந்திரம் வரைக்கும் பார்க்கலாம் என்று அவனைத் தடுத்தாள். சாயந்திரமும் மஞ்சள்தான். அந்தத் தடவை ஊசியில் காற்றுக் குமிழி ஏறி, இரண்டு முறை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. தான் செய்தது தப்போ என்று முதல் தடவையாக நினைத்ததாகப் பிறகு சொன்னாள். வியாழன் காலை பச்சை. மத்தியானம் பச்சை. வெள்ளிக்கிழமை காலை, காய்ச்சக் காய்ச்ச நீலம் நீலமாகவே நின்றது. தங்கவேல் அந்தக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துப் பார்த்தான்.

அதன் பிறகும் நாகவல்லி தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. வாசல் மணலில் உட்கார்ந்து சிப்பி பொறுக்கினாள். சனிக்கிழமை ஞானகுமாரி துணி அலசிவிட்டு, வா என்று கையைப் பிடித்து இறக்கினாள். முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை. சொர்ணம் கரையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்றாள்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். நாகவல்லி திடீரென்று நின்றாள். கூப்பிட வாயெடுத்த சொர்ணத்தின் கையைத் தங்கவேல் பிடித்துக்கொண்டான். நாகவல்லி தானாகவே கரைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது, வேர்த்திருந்தது.

"கை நடுங்குதும்மா. சக்கர எறங்கிச்சின்னு நெனக்கிறேன். கொஞ்சம் குடு."

சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்து, மணலில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் யாரும் அவளைத் தொடவில்லை. முகத்துக்கு நிறம் திரும்பியது. ஒரு வாழைப்பழம் கேட்டு வாங்கித் தின்றாள். எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நான் போவட்டா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் சொர்ணத்துக்கு வாய் வந்தது. "ஞானகுமாரி அக்கா கிட்டயே இரு," என்றாள்.

திங்கட்கிழமைவரை அங்கே இருந்தார்கள். புதன்கிழமை கப்பல் ஏறினார்கள். திரும்பும்போது கப்பல் டாக்டர் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். சொர்ணம் யோசித்துவிட்டு ஒரு பாட்டிலை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.